மாதா படத்து பல்பு

டோல்கேட்டில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் முட்டியைப் பிடித்துக்கொண்டே கத்தினாள்.

"மாதா படத்துல எரியற ஜீரோ வாட்ஸ் பல்ப கழட்டி என் முட்டிக்கு காட்டிக்கச் சொல்றான்க்கா என் வூட்டுக்காரன்!"

"இன்னாடி சொல்ற?"

"ஆஸ்பத்திரில செவப்பு லைட்டு வாங்கி, வூட்லயே தெனம் பத்து நிமிசம் காட்டச் சொன்னாங்க. அது சூடு குடுக்கற லைட்டுக்கா. இவன் இன்னாடான்னா, 'தண்டச் செலவு எதுக்கு, நம்ம வூட்லயே செவப்பு லைட்டு கீதே'ன்னுட்டான். ஒரு மாசமா அதும் முன்னாடி குந்திகினு கீறேன். வலியும் போவல, மாதாவும் இருட்டுல கீறாங்க."

"இப்ப எங்க போற?"

"மெடிக்கலுக்கு. நானே வாங்கிக்கறேன். ஸ்டாண்டு வச்சது."

"கையில புடிக்கறது வெல கம்மிடி. உன் வூட்டுக்காரர புடிக்கச் சொல்லேன்."

"யாரு, அவனயா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"லாரித் தண்ணிய மூணு மாடி தூக்கித் தூக்கியே போன முட்டி இது. ஒரு நாளு ஒரு கொடத்த என் கையிலேர்ந்து வாங்காதவன், பத்து நிமிசம் லைட்டு புடிச்சுகினு நிப்பானாக்கா?"