பதினேழாம் வாரம் நான் காலியாக விட்ட இடம்

இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் லீக்கின் சட்டதிட்டங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவரும் அவைத் தலைவர் லைல் ஹாக்ஸ்டெட் அவர்களே! பன்னிரண்டு நாற்காலிகளில் பதினொன்றை நிறைத்து அமர்ந்திருக்கும் அணிக்காரர்களே! வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு இந்த மண்டபத்தை நமக்குக் கொடுத்திருக்கும் தீயணைப்புத் தம்பிகளே! உருளைக்கிழங்குச் சாலட்டையும் வேகவைத்த சோளத்தையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! காது கேட்காவிட்டாலும் கைதட்டத் தவறாத பெரியவர்களே! என்னை அண்ணி என்று அழைத்துக்கொண்டே என்னைத் தோற்கடித்த என் கொழுந்தன் மெர்ல் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ரோண்டா வோஸ்பெர்கின் வணக்கம்.

கடைசி இடம் பிடித்தவர் அடுத்த ஆகஸ்டில் மேடையேறிப் பேச வேண்டும் என்பது நம் லீக்கின் தண்டனை. போன வருடம் தோற்றவர் வாத்து வேடம் போட்டுப் பேசினார். நான் வேடம் போடவில்லை. இந்தக் கறுப்பு உடுப்பு வேடம் அல்ல.

சிரிக்கலாம், தம்பி. என் வீட்டுக்காரன் டாரல் உயிரோடு இருந்திருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவள். பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா கழுவிக் கழுவிக் கை காய்த்தவள். என் பேச்சில் அழகு இருந்தால் அது உங்கள் காதின் அழகு. ஆனால் இன்று எனக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, தண்டனைப் பேச்சு. இன்னொன்று, வழக்கு. விளையாட வேண்டிய இடத்தைத் தெரிந்தே காலியாக விட்டவர் தன் நாற்காலியை, அதாவது லீக்கில் தன் இடத்தை, இழக்க வேண்டும் என்பது நம் ஏழாவது விதி. நான் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன். அந்த விதியைக் கொண்டுவந்தவன் யார்? என் கணவன் டாரல்! அவன் போட்ட விதியில் அவன் நாற்காலியே இன்று போகப்போகிறது. இந்தப் பேச்சு முடிந்ததும் நீங்கள் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வீர்கள். அதற்கு முன் என்ன நடந்ததென்று கேளுங்கள்.

இந்த விளையாட்டு எனக்குப் பிடிபடவே பல வருடம் ஆனது. மைதானத்தில் முட்டை வடிவப் பந்தோடு மோதி ஆடுகிற நிஜக் கால்பந்து ஆட்டக்காரர்களை நீங்கள் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவர்கள் ஓடினால் இங்கே உங்களுக்குப் புள்ளி. அவர்களில் பந்தை எறிகிறவன்தான் ராஜா. எல்லோரும் பெரிய பெயர்களுக்கு அடித்துக்கொள்வீர்கள். என் டாரல் அடித்துக்கொண்டானா? இல்லை. யாருக்கும் வேண்டாதவனை எடுப்பான், ஒரே வாரம் ஆடவிடுவான், செவ்வாய்க்கிழமை அவனைக் கழற்றிவிட்டு இன்னொருவனை எடுப்பான்.

"எறியறவன் மூஞ்சியப் பாக்காத ரோண்டா. அவனுக்கு எதிர்ல நிக்கிறவங்க எவ்வளவு ஓட்டைன்னு பாரு" என்பான்.

"வாரத்துக்கு ஒருத்தனா மாத்துறியே, பொண்டாட்டிய மட்டும் ஏன்யா மாத்தல?" என்று கேட்டேன் ஒருமுறை.

"உனக்கு எதிர்ல நிக்க எவனுக்குடி தைரியம் இருக்கு?" என்றான்.

போன ஆகஸ்டில் மருத்துவர் கைவிரித்துவிட்டார். டாரல் அழவில்லை. விதைச்சோளக் கம்பெனி கொடுத்த நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, அதன் முதுகில் பென்சிலால் பதினேழு வரி எழுதினான். ஆட்டப் பருவத்தின் பதினேழு வாரத்துக்கும் பதினேழு எறிவீரர்கள். கீழ்த்தளத்து ஃப்ரீசர் கதவில் அதை ஒட்டச் சொன்னான். "என் நாற்காலியில நீ உக்காரு. மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். எறியறவன மட்டும் நான் சொன்னபடி போடு" என்றான். நான்காம் வாரம் அவனை அடக்கம் செய்தோம்.

ஏழாம் வாரத்துக்கு எழுதியிருந்த பெயர் யாருடையதென்று எனக்குத் தெரியவில்லை. மெர்லிடம் கேட்டேன்.

"அய்யோ அண்ணி! இவன் பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கிறவன். முதல் ஆளு குத்துக்கல்லு மாதிரி இருக்கான். இவன் எங்க ஆடப்போறான்?"

சொன்னாயா இல்லையா மெர்ல்? தலையாட்டுகிறார், பாருங்கள். நான் வியாழக்கிழமை அந்தப் பெயரைப் போட்டேன். வெள்ளிக்கிழமை பயிற்சியில் முதல் ஆளின் முழங்கால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டில்காரன் நான்கு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தான். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். "டாரல் மேலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கான்!" என்றீர்கள். நானும் நம்பினேன். எப்படி நம்பாமல் இருப்பேன்? செவ்வாய்க்கிழமைகளில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் அவன் பென்சில் சீவிய வாசனை வந்தது. நான் நின்று பேசுவேன். ஃப்ரீசர் முனகுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். நான் பேசி முடித்த பிறகுதான் மறுபடி முனகத் தொடங்கும். எனக்கு அது பயமாக இல்லை, தாய்மார்களே. துணையாக இருந்தது.

பதினோராம் வாரமும் ஒரு மாற்று ஆளின் பெயர். போட்டேன். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் முதல் ஆளின் கழுத்தடிக் காறையெலும்பு முறிந்தது. தொலைக்காட்சியில் அவனுடைய அம்மாவைக் காட்டினார்கள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். என் கையில் போன் டிங் டிங்கென்று புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு மணியாகவா கேட்டது? எலும்பாகக் கேட்டது!

அன்றுதான் முதன்முறையாகப் பட்டியலின் கடைசிவரை படித்தேன். பதினேழாம் வாரம்: பென் ஆஸ்ட்ரம். அவன் யாருக்கு மாற்று ஆள்? ஜேரன் விட்லாக்குக்கு. இருபத்துநான்கு வயது. ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவன். நிறைமாத மனைவியை அரங்குக்கு அழைத்து வருகிறவன். அந்த வரியை விரலால் தடவினேன். மற்ற பதினாறு வரிகளும் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. அந்த ஒரு வரி மட்டும் என் கட்டைவிரலில் கரியாக ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போதுதான் எழுதியதுபோல!

லைலிடம் ஓடினேன்.

"ரோண்டா, கிழட்டு முழங்காலும் ஓட்டை டீமும் எங்க இருக்குன்னு டாரலுக்குத் தெரியும். குருட்டாம்போக்குல ரெண்டு பலிச்சிருக்கு. போயித் தூங்கும்மா" என்றார்.

தூங்கினேனா? பதினேழாம் வாரம் வந்தது. மெர்லுக்கும் எனக்கும் கடைசி இடத்துக்கான ஆட்டம். மெர்ல் போன் செய்தார்: "என்ன அண்ணி, மேடைக்குப் பேச்சு எழுதியாச்சா?"

டாரல் சொன்ன பெயரைப் போட்டால் அந்த விட்லாக் பையன் விழுவான். போடாவிட்டால் சாகப்போகும்போது என்னிடம் கேட்ட ஒன்றே ஒன்றை நான் மறுத்தவள் ஆவேன். சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

என்ன சொல்கிறீர்கள், பின்னால்? வேறு ஒருவனைப் போட்டிருக்கலாமா? நல்ல கேள்வி, ஐயா. போடத்தான் போனேன். போனைத் திறந்து, எந்த அணி ஓட்டை, எவன் நொண்டுகிறான், எந்த இடத்தில் அடித்தால் உடையும் என்று தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே இருந்தபோது கை நின்றுவிட்டது. நாம் இத்தனை வருடம் தேடியது இதைத்தானே? யார் பலவீனமாக இருக்கிறான், யார் விழப்போகிறான் என்பதைத்தானே? போன வருடம் மாதக்கணக்காக என் வீட்டிலேயே ஒருவன் பலவீனமாகக் கிடந்தான். அதை எண்ணிப் பார்த்தேன். அந்த வாரம் எனக்குக் கை வரவில்லை. காலியாக விட்டேன்.

ஞாயிறு பிற்பகல். மூன்றாம் கால்பகுதி. எதிரணியின் இரண்டு மலைகள் வந்து விட்லாக்கின் மேல் விழுந்தன. மலைகள் எழுந்தன, அவன் எழவில்லை. அரங்கில் எழுபதாயிரம் பேரும் இருக்கையை விட்டு எழுந்து நின்றார்கள். ஓரத்தில் ஆஸ்ட்ரம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பந்தை எறிந்து பார்த்தான். என் காலடியில், கீழ்த்தளத்தில், ஃப்ரீசர் நின்றது.

நான் படிக்கட்டின் தலைமாட்டில் நின்று கத்தினேன். "டாரல்! அவன் உனக்கு என்னய்யா பண்ணான்? நான்தான் அவன் பேர எழுதலையே! போதும், விட்டுடு! என்னையும் விட்டுடு!"

விட்லாக்கின் கை அசைந்தது. முழங்காலில் எழுந்தான். மெதுவாக ஓரத்துக்கு நடந்தான். அடுத்து அவன் அணிக்குப் பந்து கிடைத்தபோது திரும்பி வந்து எறிந்தான்! ஆஸ்ட்ரம் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நான் மெர்லிடம் ஒன்பது புள்ளியில் தோற்றேன்.

மெர்ல் கையை உயர்த்துகிறார். பேசட்டும்.

"அண்ணி, ஆஸ்ட்ரம் ஆட்டத்துல ஒரு பந்துகூடத் தொடலையே! அவனப் போட்டிருந்தாலும் உனக்கு முட்டதானே கிடைச்சிருக்கும்? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

நான் அவனைப் போடவில்லை, மெர்ல். அதனால்தான் அவன் தொடவில்லை. நீ இதை நம்ப வேண்டாம். இந்த அவையும் நம்ப வேண்டாம். பைத்தியக்காரி என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் நம்புங்கள், ஏனென்றால் அதில் பேயுமில்லை, மாயமுமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கீழே இறங்கினேன். பென்சில் வாசனை இல்லை. ஃப்ரீசர் தன்பாட்டுக்கு முனகியது. நான் பேசினேன், முனகியது. அழுதேன், அப்போதும் முனகியது. முப்பத்தாறு வருடம் என்னோடு இருந்தவன், செத்த பிறகும் பதின்மூன்று வாரம் என்னோடு இருந்தவன், போ என்று நான் சொன்னதும் போய்விட்டான். யாரோ பெற்ற பிள்ளையின் முழங்காலுக்காக என் வீட்டில் மிச்சமிருந்த டாரலை நானே வழியனுப்பிவிட்டேன். சரியா, தவறா? எனக்குத் தெரியாது. மறுபடி அந்த ஞாயிறு வந்தாலும் அதையேதான் செய்வேன். செய்துவிட்டு இதே மாதிரி அழுவேன்.

இனி எனக்கு மிச்சம் அந்த மூலையில் இருக்கிற டாரலின் நாற்காலி ஒன்றுதான். விதி விதிதான். அதை எழுதியவனின் மனைவி நான், மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலியை என்னிடமே விட்டால் என்ன செய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஆட்டக்காரர்களைப் பங்கு போடும்போது முதல் சுற்றிலேயே ஜேரன் விட்லாக்கை எடுப்பேன்.

ஆமாம், சிரியுங்கள்! முதல் சுற்றில், ஓடுகிறவர்களை விட்டுவிட்டு, எறிகிறவனை எடுப்பவள் மடச்சி என்று நீங்கள் சொல்வது எனக்கும் தெரியும். எடுத்தபின் மாற்ற மாட்டேன். எதிரே மலை நின்றாலும் மதில் நின்றாலும் மாற்ற மாட்டேன். அவன் சரியாக எறியாத வாரமும் அவன்தான். அடிபட்டுப் படுத்தால் அவன் எழும்வரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ஏழாவது விதிப்படி அதற்கும் நீங்கள் வழக்குப் போடலாம்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், ஆறிப்போன கறிச் சாசேஜை எனக்காக மறுபடி அடுப்பில் வைத்த தம்பிகளுக்கும், என்னைத் தோற்கடித்து இந்த மேடையைத் தந்த மெர்லுக்கும் என் நன்றி. லைல் அவர்களே, நான் இறங்கிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்குப் பிறகு கைகளைத் தூக்கச் சொல்லுங்கள். என்னை அதிலிருந்து எழுப்ப வேண்டும் என்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கை தூக்கட்டும்.

வணக்கம்.