வெற்றிலை மாற்றிய பேச்சு

மல்லசமுத்திரம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் இருவரும் பிணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முதலில் நம்பினேன்.

"இன்னும் மண்ணுக்குள்ளதான் கெடக்குது மாப்ள. தோண்டுனா ரெண்டு மூணு நாள்ல நாறிப்போயிரும்" என்றார் பெரியவர்.

சாட்சியென்று என்னையும் முடித்துவிடுவார்களோ என்று ஜன்னலைக் கண்ணால் அளந்தேன். என் தொப்பை அதில் நுழையாது.

"சேகோ மில்லுக்காரன் வரவே மாட்டேங்கறானுங்களா மாமா?"

"மரவள்ளி வெல எறங்கிருச்சல்லோ. வேண்டாங்கறான்."

அட, ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் கிழங்கு! எனக்கு மூச்சு வந்தது.

"வக்கீல் என்ன சொன்னாருங்க?"

"வாய்ப்பேச்சு செல்லாதாமா. எழுதிப் பதிவு பண்ணியிருக்கோணுமாமா. வெல பேசி வெத்தல பாக்கு மாத்துனதுக்கப்பறம் எழுதிக் கேட்டா, அவன நம்பாத மாதிரி ஆயிருமேன்னு உட்டுட்டேன்."

"நல்ல மருவாதிங்க மாமா. அவன் வெத்தலையத் துப்பிட்டுப் போயிட்டான், நீங்க இன்னும் மென்னுட்டிருக்கறீங்க."

பெரியவரும் சிரித்தார். "அன்னிக்கு நீயும் பக்கத்துல நின்னியே மாப்ள. ஊர்ல நாலு பேர் முன்னால வந்து சொல்லு, போதும்."

"என்ற லாரி அவன் மில்லுக்குத்தானுங்க ஓடுது மாமா."

மாப்பிள்ளை அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். காலியான இடத்தில் பெரியவர் துண்டைப் போட்டு வைத்தார். யாரும் வந்து கேட்கவில்லை. மல்லசமுத்திரத்தில் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.