படுத்தால் தெரிந்துவிடும்

இன்று பிற்பகல் திருப்பதியிலிருந்து வடமாலபேட்டை செல்லும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு மாமியாரும் மருமகளும் அமர்ந்திருந்தனர். மருமகளின் மடியில் ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர் இருந்தது.

“ஒரு துண்டு பப்பாளி துன்னு புள்ளைய கலைச்சிட்டியேடி,” என்றார் மாமியார்.

“பழத்தால கலையாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே அத்தே. கரு மொதல்லயே சரியா உருவாகலையாம். யார் தப்பும் இல்லன்னாங்க.”

“அவங்க சொல்லுவாங்க. ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?”

“ஊருக்கு எப்படித் தெரியும்? மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு படும்னீங்க. எங்கம்மாவுக்கே தெரியாது.”

மாமியார் ஸ்கேன் கவரை எடுத்துத் தன் பைக்குள் திணித்தார்.

“நல்லதாப் போச்சு. நாளைக்கு நடவுக்கு வந்துடு. படுத்தா தெரிஞ்சிடும்.”

“அழலாமா அத்தே?”

“கதவ சாத்திக்கினு அழு.”