உள்ளே கலக்குவதா, வெளியே கலக்குவதா

கர்னல்: ...இல்லப்பா, எனக்கு இல்ல. மாமியாருக்கு. அவங்களக் கூட்டிட்டு வந்தேன்.

வாசல்: எங்க அவங்க?

கர்னல்: இப்பதான்... பாத்ரூம் போயிருக்காங்க.

வாசல்: பாவம். காது டெஸ்டுன்னாலே ஒரு பயம் இருக்கும், கர்னல்.

கர்னல்: அவங்களுக்கா? அவங்களப் பாத்து மெஷின் பயப்படாம இருந்தா சரி. ஆமா, நீ எங்க இங்க?

வாசல்: இவங்க கம்ப்யூட்டர்ல சத்தம் வரலையாம். வந்து பாக்கச் சொன்னாங்க.

கர்னல்: பதினோரு வருஷம் கழிச்சுப் பாக்கறோம், அதுவும் காது ஆஸ்பத்திரில. சரி, எதிர்ல நாற்காலி காலியாத்தானே இருந்துது. எதுக்கு சுத்திக்கிட்டு என் இடது பக்கம் வந்து உக்காந்த?

வாசல்: அங்க ஏசி மூஞ்சிலயே அடிக்குது.

ரிசப்ஷன் பெண்: சார், தப்பா நெனக்காதீங்க. அவர் உங்களக் கர்னல்னு கூப்பிட்டாரே... நீங்க மிலிட்டரியா?

கர்னல்: நானா? துப்பாக்கிய நான் சினிமாலதான்மா பாத்திருக்கேன்.

வாசல்: கம்ப்யூட்டருக்குள்ள நடு அறை மாதிரி ஒரு இடம் உண்டும்மா. மொத்த வீட்டையும் அங்கேர்ந்துதான் நடத்துவாங்க. அதுக்குப் பேரு கர்னல். எதைக் கேட்டாலும் அதுக்குள்ள வைன்னு சொல்லிச் சொல்லி, இவருக்கு அதே பேரு.

கர்னல்: இவன் எதைக் கேட்டாலும் வெளிய வை, வாசல்ல வைன்னான். அதனால இவன் பேரு வாசல். எங்க ஆளுங்க பேரு வைக்கற லட்சணம் இவ்வளவுதான்.

ரிசப்ஷன் பெண்: எதை சார் வைக்கறது?

கர்னல்: சத்தத்தைம்மா. கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடுது. நடுவுல மெயில் வந்து டிங்குங்குது. அதுக்குள்ள யாரோ வீடியோவுல கூப்பிடறாங்க. ஸ்பீக்கர் ஒண்ணுதான். யாராவது மூணையும் கலந்து ஒண்ணாக் குடுக்கணுமில்ல? அந்தக் கலக்கற வேலைய நடு அறைக்குள்ள வைக்கறதா, வெளிய தனி புரோகிராமா வைக்கறதா...

ரிசப்ஷன் பெண்: ம். அப்புறம்?

கர்னல்: அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்.

ரிசப்ஷன் பெண்: இதுக்கா பதினோரு வருஷம் பேசிக்கல?

கர்னல்: சொத்துத் தகராறுன்னு நெனச்சீங்களா? அதுவா இருந்தா எப்பவோ சமாதானம் ஆகியிருப்போம்.

வாசல்: நானூத்திப் பன்னெண்டு மெயில்மா. எல்லாருக்கும் பொதுவா அனுப்பினது, ஊரே படிச்சுது.

கர்னல்: அதுல முந்நூறு என்னுது. ஒண்ணைக் கல்யாண நாள் அன்னிக்கு எழுதினேன். பொண்டாட்டி புதுப் புடவையோட எதிர்ல உக்காந்திருக்கா. நான், "தாமதம் அஞ்சு மில்லிசெகண்டைத் தாண்டவே கூடாது"ன்னு தட்டிக்கிட்டிருக்கேன். ஓட்டலுக்குப் போகும்போது அவளுக்கு ரெண்டு மணி நேரம் தாமதம்.

வாசல்: உள்ள வெச்சா வேகம் கெடைக்கும், அது வாஸ்தவம்தான். ஆனா அங்க ஒரு தப்பு நடந்தா மொத்த மெஷினும் படுத்துடும். வெளிய வெச்சா, போனா சத்தம் மட்டும் போகும்.

கர்னல்: அதையும் நிரூபிச்சது இவன் இல்லம்மா, நானேதான். முந்நூறு பேர் முன்னால மேடையேறி, "என் வழில ஒரு தடங்கலும் வராது, பாருங்க"ன்னு பாட்டைப் போட்டேன். கீபோர்டு நின்னுச்சு. மவுஸ் நின்னுச்சு. திரை நின்னுச்சு. சத்தம் மட்டும் நிக்கல. ஒரே சுரத்துல ஈஈன்னு நாலு நிமிஷம்.

வாசல்: மூணு.

கர்னல்: கீழ உக்காந்திருந்தவனுக்கு மூணு. மேல நின்னவனுக்கு நாலு. கடைசில ஓடிப் போய் வயரைப் பிடுங்கினேன். அது புரொஜெக்டர் வயரு.

ரிசப்ஷன் பெண்: சிரிக்கக் கூடாது சார், ஆனா...

கர்னல்: நல்லாச் சிரிங்க. என் மானம் கப்பலேறிப் பல வருஷம் ஆச்சு.

வாசல்: சண்டை அதனால முத்தலம்மா. இவர் புரோகிராம்ல இருந்த ஒரு வரியாலதான்...

கர்னல்: அது எதுக்கு இப்ப?

வாசல்: இவர் எழுதினதுல இடது பக்கச் சத்தமும் வலது பக்கச் சத்தமும் ஒண்ணாச் சேந்து, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துச்சு. எல்லார் மெஷின்லயும். ஒரு வயலின்காரர் அழாத குறையா எழுதினாரு, "என்னையும் டிரம்ஸ்காரனையும் ஒரே நாற்காலில உக்கார வெச்சுட்டீங்களே"ன்னு.

கர்னல்: கைத்தவறுப்பா. அன்னிக்கே சொன்னேன்.

வாசல்: சொன்ன, சொன்ன.

ரிசப்ஷன் பெண்: கர்னல் சார், உங்களத்தான். உள்ளேர்ந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. கதவு உங்க வலது பக்கத்துலதானே இருக்கு, திரும்பவே மாட்டேங்கறீங்களே.

கர்னல்: மாமியார் இன்னும் வரலையேம்மா.

ரிசப்ஷன் பெண்: ஃபார்ம்ல உங்க பேருதான் சார் இருக்கு. ஆண், வயசு அம்பத்தி நாலு.

வாசல்: மாமியாருக்கு அம்பத்தி நாலா...

கர்னல்: நீ சும்மா இரு. அஞ்சு நிமிஷம் குடும்மா. அடுத்தவங்கள அனுப்பு.

ரிசப்ஷன் பெண்: போன மாசமும் இப்படித்தான் சொல்லிட்டுக் கெளம்பிப் போயிட்டீங்க. அடுத்தவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். எங்கயும் போயிடாதீங்க.

கர்னல்: ...சிரிக்காத.

வாசல்: நான் சிரிக்கல.

கர்னல்: வலது காது ஒம்பது வயசுலயே போச்சு. ஒரு காய்ச்சல்ல. ஒத்தக் காதை வெச்சுக்கிட்டு, ஊருக்கே சத்தம் எப்படி வரணும்னு சட்டம் பேசினேன். வெளிய தெரிஞ்சா எவன் மதிப்பான்? பொண்டாட்டியத் தவிர யாருக்கும் சொல்லல.

வாசல்: இப்ப?

கர்னல்: இப்ப இடதும் போகுது. பொண்ணு போன்ல பேசறா, பாதி கேக்கல. கேட்ட மாதிரி சிரிச்சு வெக்கறேன். நேத்து அவ ஏதோ துக்க சேதி சொல்லியிருக்கா, அதுக்கும் சிரிச்சிருக்கேன். உள்ள போனா காகிதத்துல ஒரு கோடு போட்டுக் குடுப்பாங்களாம். அது கீழ எறங்கிப் போச்சுன்னா... பயமா இருக்குடா.

வாசல்: வலது காது விஷயம் எனக்குத் தெரியும்.

கர்னல்: என்னது?

வாசல்: கைத்தவறா எழுதறவன் ரெண்டு பக்கத்தையும் வெறுமனே கூட்டி விட்டுடுவான். சத்தம் கிழியும். நீ கூட்டி, ரெண்டால வகுத்திருந்த. அவ்வளவு அக்கறையா எவனும் தப்பு பண்ண மாட்டான். அப்புறம்தான் யோசிச்சேன், எந்த மீட்டிங்லயும் நீ வலது ஓரத்துச் செவத்த ஒட்டித்தான் உக்காருவ.

கர்னல்: பதினோரு வருஷமா தெரியுமா? நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஜெயிச்சிருப்பியே.

வாசல்: ஜெயிச்சு?

கர்னல்: நான் உன்னை எவ்வளவு கேவலமா எழுதினேன்...

வாசல்: "காது இருக்கறவன் செய்யற வேலையா இது"ன்னு எழுதின.

கர்னல்: அதுவும் நானா? ஒத்தக் காதுக்காரன் திமிரைப் பாரேன்.

வாசல்: ம்.

கர்னல்: உண்மையச் சொல்லிடறேன். வேகமாவது ஒண்ணாவது. உள்ள வெச்சுட்டா எவனும் கை வெக்க மாட்டான், எந்த மெஷின்ல உக்காந்தாலும் எனக்கு முழுசாக் கேக்கும்னு நெனச்சேன். என் ஒருத்தனுக்காக ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் ஒத்தக் காது ஆக்கிட்டேன்.

வாசல்: அதுக்குத்தானே வெளிய வைன்னேன். வெளியன்னா அவங்கவங்க காதுக்கு ஏத்த மாதிரி அவங்கவங்க வெச்சுக்கலாம்.

கர்னல்: நீ எழுதின புரோகிராம்ல ஒத்தக் காதுக்குன்னு ஒரு பட்டன் இருக்காமே?

வாசல்: நீதான் என்னுதைக் கையால தொட மாட்டேன்னு சபதம் போட்டவனாச்சே. உனக்கு எப்படித் தெரியும்?

கர்னல்: யாரோ சொன்னாங்க.

வாசல்: ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா கேட்டாங்க. அவங்களுக்கும் வலது காது கேக்காதாம். அவங்களுக்காக வெச்சதுதான் அது. இன்னிக்கு வரைக்கும் மாசம் தவறாம மெயில் வரும்.

கர்னல்: ஓ... நல்ல அம்மாவா?

வாசல்: தங்கம். எனக்கு ஆபரேஷன் ஆனப்ப தெனமும் விசாரிச்சாங்க. ஒண்ணே ஒண்ணுதான். "எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது தம்பி"ன்னு ஆரம்பிப்பாங்க. "இருநூத்திப் பதினேழாவது வரில கழிக்க வேண்டிய இடத்துல கூட்டியிருக்கீங்க"ன்னு முடிப்பாங்க.

கர்னல்: கணக்கு டீச்சரா இருக்கும்.

வாசல்: பாட்டு டீச்சர்னு எழுதினாங்க.

கர்னல்: ...பாட்டுலயும் கணக்கு உண்டுதானே.

வாசல்: வருஷத்துக்கு ஒரு தரம், "ஆனா அந்தக் கர்னல் சொன்னதும் ஒரு வகைல நியாயம்தானே தம்பி"ன்னு வேற கேப்பாங்க.

கர்னல்: விவரம் தெரிஞ்ச அம்மா.

ரிசப்ஷன் பெண்: கர்னல் சார், உங்க முறை. கதவைத் தெறந்தே வெச்சிருக்காங்க. அப்புறம் சார், நீங்க... எங்க கம்ப்யூட்டர்ல சத்தமெல்லாம் நல்லாத்தான் வருது. உங்கள யாரும் வரச் சொல்லலையாமே?

கர்னல்: ஆக, நீயும் முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்க. நான் இன்னிக்கு இங்க வர்றது எம் பொண்டாட்டிக்கே தெரியாது. உனக்கு யாரு சொன்னா?

வாசல்: அந்த டீச்சரம்மாதான். வியாழக்கிழமை பதினோரு மணி, இந்த ஆஸ்பத்திரி, போன தடவை பாதிலயே திரும்பிட்டேன், தனியாப் போக பயமா இருக்கு தம்பின்னு எழுதியிருந்தாங்க... எந்திரிங்க டீச்சர், போலாம்.