பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டேன்

லக்ஸம்பர்க் சின்ன நாடுதானே, அங்கே கோல்ஃப் விடுமுறைக்கு ஏற்பாடு செய்வதில் என்ன சிரமம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சின்ன நாட்டில்தான் சிரமமே. மைதானங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஒன்றில் இடமில்லை என்றால் இன்னொன்றைத் தேடிப் போக வேண்டும்; கொஞ்சம் கூடுதலாகப் போனால் பெல்ஜியத்தில் நிற்போம்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். உங்கள் அம்மாவும் எங்கள் கிளப்தானே, அவருக்கு இதெல்லாம் புரியும்.

நாங்கள் நால்வர்: நான், ரோனா, ஊனா, ஷீனா. வருஷத்துக்கு ஒரு நாடு. ஏற்பாடு எப்போதும் என்னுடையது. ஷீனாவுக்குக் காளான் ஆகாது. ஊனா குறட்டை விடுவாள், அவளுக்குக் கோடி அறை. ரோனாவுக்குக் குளவி ஆகாது. கொட்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்; அதற்கான ஊசியை மட்டைப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்திருப்பாள். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது நான்தான். என் கணவர் போன பிறகு வீட்டில் நினைவில் வைத்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்.

பிப்ரவரியில் ஒரு மதியம், கிளப்பில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே கடல் பக்கமிருந்து மழை. லக்ஸம்பர்க்குக்கு மே மாதம் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

"மோராக், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றாள் ரோனா. "இதான் உன் கடைசி ட்ரிப். அடுத்த வருஷத்துலேருந்து நான் பாத்துக்கறேன். போர்ச்சுகல்ல ஒரே ஓட்டல், வாசல்லயே மைதானம். நீ சும்மா வந்து அடிச்சாப் போதும்."

"எனக்கு இதுல கஷ்டம் ஒண்ணும் இல்லையே."

"உனக்கு இல்லடி, எங்களுக்குத்தான் கஷ்டம். போன வருஷம் ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட நேரம் குறிச்சு வெச்சிருந்த."

ஊனாவுக்குப் புரையேறிவிட்டது. "அந்த நேரத்துக்கு எனக்கு வரவே இல்லடி. அதான் கொடுமை."

நானும் சிரித்தேன். ஷீனாதான், "பாவம், விடுங்கடி அவள," என்றாள். ரோனா சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கறார்க்காரி என்று என்னைப் பல பேர் சொல்லியிருக்கிறார்கள். பாவம் என்று யாரும் சொன்னதில்லை; அன்றைக்கு ரோனாவால் அதையும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மே மாதத்தைச் செப்டம்பருக்கு மாற்றினேன். செப்டம்பரில் கூட்டம் குறைவு, அங்கே பிளம் பழமும் கனிந்திருக்கும். மைதானத்தையும் மாற்றினேன். புதிதாகப் பார்த்த மைதானத்தில் ஒன்பதாவது குழிக்குப் பந்தை அடிக்கிற இடத்தின் வலப்பக்கம் ஒரு சரிவு, சரிவில் வரிசையாகப் பழைய பிளம் மரங்கள். ரோனா அடிக்கிற பந்து இளம் வயதிலிருந்தே வலப்பக்கம்தான் வளையும். ஏற்பாடு செய்கிறவளுக்கு ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியபோது அந்த மைதானத்துச் செயலாளர், உதிர்ந்த பழத்தில் குளவி மொய்க்கும், பந்து அங்கே போனால் விட்டுவிடுங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். நன்றி சொல்லி இடம் பிடித்தேன். மற்ற இருவரிடமும் சொன்னேன், ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. ரோனாவிடம் சொல்லவில்லை. அவள்தான் போன வருஷம், எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை செய்கிறாய் என்று குறைப்பட்டுக்கொண்டவள்.

முதல் இரண்டு நாளும் அருமையாகப் போயின. புகையிட்ட பன்றிக்கறியும் அவரைக்காயும் சாப்பிட்டோம். ரோனாவே, "ஓட்டல் பரவால்லடி," என்றாள்.

மூன்றாம் நாள் ஊனாவும் ஷீனாவும் முன்னால் போனார்கள். நானும் ரோனாவும் அடுத்த ஜோடி. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பையன், எங்களுக்குப் பின்னால் பெல்ஜியத்திலிருந்து நாலு டாக்டர்கள் வருகிறார்கள், வேகமாக ஆடுவார்கள் என்றான். பந்தைத் தேடிக்கொண்டு நின்றால், பின்னால் வருகிறவர்களைக் கையசைத்து முன்னே போகவிட வேண்டும். எங்கள் ஊரில் புருஷனை விட்டு ஓடியவளைக்கூட மன்னித்திருக்கிறார்கள். வழிவிடாதவளை மன்னித்ததில்லை.

ஒன்பதாவதில் ரோனாவின் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போயிற்று.

"பாத்துப் பாத்து எடம் புடிச்சியே, இந்த மரத்த வெட்டச் சொல்லி வெச்சிருக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே ரோனா ஒரு மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். புதுப் பந்து. பந்தை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள். அவளுடைய பை மேலே என் பக்கத்தில் நின்றது.

கொஞ்ச நேரத்தில், "மோராக், பை," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், கை கழுத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், டாக்டர்கள் வந்துவிட்டார்கள். சரிவின் அடிப்பக்கம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் பக்கத்தில் வந்து, "எதாவது உதவி வேணுமா?" என்றார்.

"பந்துதான் தேடறோம். நீங்க போங்க," என்று கையசைத்தேன்.

உங்கள் விசாரணையில் அந்த டாக்டர் சொன்னது சரிதான், இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர், தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அதற்குள் அவருடைய கூட்டாளி பந்துக்கு நேராக நின்று மட்டையை ஓங்கிவிட்டார். ஒருவர் அடிக்கும்போது சத்தம் போடக்கூடாது. இது எங்கள் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தருவது. அவர் அடித்து முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்தார். அடுத்தவர் வந்து நின்றார். ஊசி இருந்த பை என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனால் ஜிப்பைத் திறந்தால் அதுவும் சத்தம்தானே. மூன்றாமவர் நிதானமானவர், மட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கீழே இலை சரசரத்தது, பிறகு அதுவும் நின்றது.

நாலாவது டாக்டர் அடித்த பந்து நேராகப் போய்க் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. "நல்ல அடி," என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.