ஆதிநாராயணன் இடம்

— ஞாயித்துக்கெழமைக்குள்ள கல்யாணமா? இன்னா பூவிழி, காலங்காத்தால கலாய்க்கிறியா?

— கல்யாணத்த தையில வச்சிக்கலாம், லோகேஷ் மாமா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வெத்தல பாக்கு மாத்தியிருந்தா போதும்.

— யாருக்கும் யாருக்கும்?

— இந்தப் படகுல வேற யாரு கீறாங்க? உனக்கும் எனக்கும்தான்.

— அய்யே, பேஜாரா கீதே. பழவேற்காட்ல பஸ்ஸ புடிக்கணும், அக்கரையில வுட்டுடுன்னு கேட்டது ஒரு தப்பா?

— அத்தை பெத்த புள்ளைன்ற உரிமையில கேக்குறேன். ரெண்டு கையாலயும் படகப் புடிச்சிக்கினு கீறியே, அத வுட்டுட்டு பதில் சொல்லு.

— வுட்டா கவுந்துடும்.

— தண்ணி இடுப்பளவு. காத்தும் இல்ல, அலையும் இல்ல.

— எனக்கு வயித்தப் பெரட்டுது பூவு. நீ வேற கோல ஓங்கி ஓங்கிக் குத்துற.

— மூணு வருசம் பொன்னேரி காலேஜுக்குத் தெனமும் இப்டித்தான வந்த? இன்னுமா பழகல?

— அதனாலதான் பி.காம் எடுத்தேன். கம்ப்யூட்டரு ஆடாது.

— சரி, நேரா சொல்றேன் கேளு. எங்க நைனா செத்து வருசமாவப் போவுது. அதுக்குள்ள வேற பேரு எழுதலன்னா வர்ற ஞாயித்துக்கெழமையோட அவரு எடம் போயிடும்.

— ம்.

— இன்னா ம்? இந்த நாளு ஏரியில இந்தப் பாட்டுல, அதான் இந்த எடத்துல, நீ வலை போடுன்னு ஊர்ல சீட்டு குலுக்குறாங்களே, அந்த அறுவது பேருல எங்க நைனா ஒருத்தரு. இன்னிக்கும் ஆதிநாராயணன் எடம்னுதான் சொல்றாங்க. இப்ப வூட்ல நானும் அம்மாவும்தான். பொம்பள பேர எழுத மாட்டாங்க. கல்யாணமாவாத, பாக்கு கூட மாத்தாத ஆம்பள பேரையும் எழுத மாட்டாங்க. வூட்டு மாப்பிள்ளைன்னு ஒருத்தன் வந்தா அவன் பேர எழுதுவாங்க.

— எழுதி? என்ன வலை இழுக்கச் சொல்லுவியா? பாதி ஏரியிலயே வாந்தி எடுப்பேன்.

— நீ இழுக்க வாணாம். பேரு மட்டும்தான் உன்னுது. கோலும் வலையும் என்னுது. காசியம்மா சின்னம்மாவும் அவங்க புள்ளையும் கூட வர்றேன்னு சொல்லிட்டாங்க.

— பொம்பள போயி வலை போட்டா ஊரு சும்மா வுடுமா?

— பேரு எழுதக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு. படகுல ஏறக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. நைனா படுத்துக் கெடந்த ஆறு மாசமும் அவரு மொறைக்கு நான்தான் போனேன். அப்ப யாரு வாயத் தொறந்தாங்க?

— பாவம்னு வுட்டாங்க.

— இப்பவும் பாவந்தான். எதுல கொறஞ்சி போச்சி?

— உன்கிட்ட வாயக் குடுத்து மீள முடியாதும்மா. சூளூர்பேட்ட பக்கம் எறா கம்பெனி லேப்ல கூப்ட்டாங்களே, அது இன்னாச்சி? ஜூவாலஜில ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குன பொண்ணு நீ.

— போயி ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வந்தேன். வெள்ளக் கோட்டு, ஏசி ரூம்பு. சின்னச் சின்ன பாட்டில்ல ஏரித் தண்ணி வருது. அதுல உப்பு எவ்ளோ, அழுக்கு எவ்ளோன்னு எழுதணும். ராவுக்கு ஹாஸ்டல்ல உக்காந்து அழுதேன் மாமா. எதுக்குன்னு கேக்காத. எனக்கு ஏரிதான் வேணும். வேற ஒண்ணும் வாணாம்.

— இவ்ளோ படிச்சிட்டு சேத்துல நிக்கப் போறியா?

— படிச்சதே அதுக்குத்தான். தண்ணி நண்டுன்னு கழிச்சித் தள்ளி வுடுறாங்களே, ஒடைச்சா சதையே இல்லாம தண்ணியா ஒழுவுமே, அத கூண்டுல போட்டு இருவது நாளு தீனி வச்சா சதை புடிச்சிக்கும். காலேஜ் ப்ராஜெக்டுக்கு நைனாவுக்கு சீட்டுல வுழுந்த பாட்டு ஓரத்துல பத்து கூண்டு எறக்கிப் பாத்தேன். எட்டு நல்லா வந்துச்சி. அறுவதுல அவரு எடம் போச்சின்னா கூண்ட எங்க எறக்குறது, எங்க வூட்டுக் கூரையிலயா?

— அது சரி. ஆனா ஊர்ல வேற பசங்களே இல்லையா? கார்த்திக் கீறான். ஏரியில அவன அடிச்சிக்க ஆளு கெடையாது.

— அதனாலதான் அவன் வாணாம்.

— புரியல.

— பேரு எழுதுன மறுநாளே படகுல அவன் ஏறிக்குவான். கூடைய என் தலையில வச்சி மார்க்கெட்டுக்கு அனுப்புவான். நீ ஒருத்தன்தான் தண்ணியக் கண்டா நடுங்குறவன். படக எங்கிட்டயே வுட்டுடுவ. நீ நிம்மதியா மீஞ்சூரு கம்பெனிக்குப் போயிட்டு வா.

— அப்ப ஆசையில கேக்கல. பயந்தாங்கொள்ளின்னு கேக்குற.

— ஆசையும் கொஞ்சம் கீது. அத அப்பால பேசிக்கலாம்.

— கடவுளே.

— கையில இன்னா கவரு? கம்பெனி லெட்டரா? என்னிக்கு சேரணும்?

— பூவு, கோல நிறுத்து. ஒண்ணு சொல்லணும்.

— நிறுத்திட்டேன். சொல்லு.

— நான் சேரப் போவல. வேல வாணாம்னு எழுதிக் குடுக்கத்தான் போறேன்.

— ஏன்?

— எங்க நைனா அவரு எடத்த அண்ணன் பேருக்கு மாத்திட்டாரு. எனக்கும் ஒண்ணு புடிச்சிடணும்னு ரெண்டு வருசமா அலையறாரு. அறுவதுக்கு மேல எழுத மாட்டாங்க. யாராவது போனாத்தான் எடம்.

— ம்.

— நேத்து நீ மார்க் ஷீட் வாங்கப் போயிட்ட. தெக்குத் தெருவுல சுபஸ்ரீ கீதே, நர்சிங் முடிச்ச பொண்ணு, அவங்க வூட்ல நாலு பேர வச்சி அவளுக்கும் எனக்கும் கமுக்கமா பாக்கு மாத்திட்டாங்க. ஞாயித்துக்கெழமை உங்க நைனா எடத்துல எழுதப் போறது என் பேரு.

— வலைக்கு யாரு போறது?

— நான்தான். மாத்திர போட்டுக்கினு போடான்றாரு நைனா.

— வாந்திக்கு?

— ஆமா. சிரிக்காத பூவு. எனக்கு அழுகையா வருது.

— சிரிக்கல மாமா. பாக்கு மாத்துனது எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சேவா இவ்ளோ நேரம் கேட்டுக்கினு வந்த?

— கரை வர்றதுக்குள்ள நீயா சொல்றியான்னு பாத்தேன். சொல்லிட்ட. வேற எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

— நான் இன்னா பண்றது? பெரியவங்க வார்த்த குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ண நடுவுல வுட முடியுமா? நீ என்ன நாலு வார்த்த திட்டிடு, மனசு ஆறும்.

— திட்ட இன்னா கீது. சுபஸ்ரீக்கு மெட்ராஸ்ல ஆஸ்பத்திரி வேல வந்து பத்து நாளாச்சி. லெட்டர அவங்க வூட்ல அரிசி டின்னுல ஒளிச்சி வச்சிட்டாங்க. நேத்து பாக்கு மாத்துன அப்பறம், சோறு வடிக்கப் போனவ கையில அது சிக்கிச்சி.

— இதெல்லாம் உனக்கு எப்டித் தெரியும்?

— இன்னிக்கு மெட்ராஸ் போற மொத பஸ்ஸுக்கு அவள அக்கரையில கொண்டாந்து வுட்டதே நான்தான். ஞாயித்துக்கெழமைக்கு இப்ப உனக்கும் ஒரு ஆளு வேணும், மாமா.