இரண்டு அட்டையில் ஒரே மருந்து

17.02.2025 திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் தானாக ஆஜரான தீனதயாளன், வயது 54, த/பெ. கந்தப்பன் (லேட்), காட்டுக்கொட்டாய், மோகனூர், நாமக்கல் மாவட்டம், தொழில் விவசாயம் என்பவர் சொல்லக் கேட்டு எழுதியது:

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து கரும்பு விவசாயம் செய்து வருகிறேன். என்னுடன் என் அக்கா கண்ணாத்தாள், வயது 63, இருக்கிறார். அவருக்கு இதயமும் சிறுநீரகமும் பலவீனம். அவரைக் கவனித்துக்கொள்ள மோகனூரைச் சேர்ந்த பஷீரா, வயது 36, என்பவரைப் பதினான்கு மாதங்களுக்கு முன் சம்பளத்துக்கு அமர்த்தினேன். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்து, சேலத்தில் ஆறு மாதம் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி பெற்றவர்.

பஷீரா மருந்து கொடுக்கும் முறை எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. மாத்திரை அட்டையை எடுக்கும்போது ஒருமுறை, மாத்திரையைக் கிண்ணத்தில் போடும்போது ஒருமுறை, அட்டையைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று மூன்று தடவை அதன் பெயரைப் படிப்பார். தினமும் பழகுகிறவரிடமே, "அக்கா, உங்க பேரு சொல்லுங்க" என்று கேட்பார். இதயத்துக்கான மாத்திரைக்கு முன் என் அக்காவின் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க நாடித் துடிப்பை எண்ணுவார். அப்போது யாராவது பேசினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார். மாத்திரை தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்த பிறகே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கடந்த மாதக் கடைசியில் என் அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். அவர் ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்டார்கள். நான் பழைய மருந்து எதையும் எடுத்துப் போகவில்லை, பிரஷர் மாத்திரை மட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். 03.02.2025 அன்று புது மருந்துகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு பழைய மருந்தையும் புது மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும்படி பஷீராவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை நான் கரும்பு வெட்டு ஆட்களைப் பார்க்கக் கிளம்பும்போது பஷீரா இதயத்துக்கான மாத்திரையில் பழைய அட்டை ஒன்று, புது அட்டை ஒன்று கொண்டுவந்து காட்டி, "அண்ணா, பேருதானுங்க வேற வேற. உள்ள இருக்கறது ஒரே மருந்துங்க. பொடி எழுத்துல போட்டிருக்குதுங்க" என்றார். நான் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. "டாக்டரு எழுதுனது தப்பு, நீ சொல்றது சரியா? சொன்னதைச் செய்யம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதன் பிறகு 06.02.2025 அன்று மருந்துப் பெட்டியில் வேறு எதையோ தேடும்போது ஒட்டிய காகித உறை ஒன்று கிடைத்தது. கிழித்துப் பார்த்ததில் மூன்று மாத்திரைகள் இருந்தன. உறையின் மேல் ஏதோ எழுதியிருந்தது. நான் கோபத்தில் அதைப் படிக்கவில்லை. என் அக்காவுக்கு மருந்து கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுசெய்து, அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் பஷீராவைச் சத்தம் போட்டு வெளியே அனுப்பினேன். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "என்னைய என்ன வேணாலும் சொல்லுங்கண்ணா. ரெண்டையும் சேத்திக் குடுத்துறாதீங்க" என்றார். அன்று மாலையே இந்த நிலையத்துக்கு வந்து, அவர் என் அக்காவின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகப் புகார் எழுதிக் கொடுத்தேன். மேற்படி உறையையும் ஒப்படைத்தேன்.

அதன் பிறகு 7, 8, 9 ஆகிய மூன்று நாட்களும் இரண்டு அட்டையிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை வீதம் நானே என் கையால் என் அக்காவுக்குக் கொடுத்தேன். நாடி பார்க்கவில்லை. எட்டாம் தேதி அவர் சோறு வேண்டாம் என்றார். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு முறை வாந்தி எடுத்தார். சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளைச் சுவர். அதன் பிறகு என் கையைப் பிடித்து, "பஷீராவக் கூப்புடு சாமி" என்றார்.

நான் போன் செய்தேன். என் புகாரின் பேரில் மறுநாள் விசாரணைக்கு வரும்படி பஷீராவுக்கு நிலையத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் அவர் கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் மணிக்கட்டில் விரல் வைத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு நானே நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு நிமிடம் போல நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. "நாப்பத்தி நாலுங்க. அறுபதுக்குக் கீழ போகக்கூடாதுங்க" என்றார். உடனே 108-க்குப் போன் செய்து வயது, நோய், மருந்தின் பெயர், எத்தனை நாள், எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்று வரிசையாகச் சொன்னார். கடைசி மூன்றையும் என்னிடம் கேட்டுச் சொன்னார். இரண்டு அட்டைகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார்.

மருத்துவமனையில் பெண் டாக்டர் ஒருவர் அட்டைகளைப் பார்த்ததும் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். முதல் பக்கத்துக்குத் திருப்பி அங்கிருந்து மறுபடி படித்தார். "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். "இல்லைங்க மேடம், ஊட்டுல பாத்துக்கற ஆளுங்க" என்றார் பஷீரா. ஒரே மருந்து இரட்டிப்பாகப் போனதால்தான் நாடி குறைந்து கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, எந்த மருந்து என்று தேடும் நேரம் இவரால் மிச்சமானது என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

அன்று வார்டுக்கு வெளியே உட்கார்ந்து அந்த நோட்டை நானும் படித்தேன். பதினான்கு மாதத்தில் அவர் மருந்து கொடுத்த ஒரு நாள்கூட விடுபடவில்லை. 04.02.2025 பக்கத்தில், காலை 8.20-க்கு மருத்துவமனைக்குப் போன் செய்ததும், டாக்டரைக் கேட்டு நர்ஸ் அனிதா 8.45-க்குத் திரும்ப அழைத்துப் புது மாத்திரை மட்டும் போதும் என்று சொன்னதும், வீட்டு அண்ணனிடம் சொல்ல மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை என்பதும் எழுதியிருந்தது. வேறொரு பக்கத்தில், "எட்டு மணி மாத்திரையை இன்று 9.10-க்குக் கொடுத்தேன். தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாமதம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். ஐம்பத்து நாலு வயதுக்குள் நான் அப்படி ஒரு வரி எங்கும் எழுதியதில்லை.

என் அக்கா 14.02.2025 அன்று நலமாக வீடு திரும்பினார். இன்று நிலையத்தில் காட்டப்பட்ட உறை நான் ஒப்படைத்த அதே உறைதான். அதன் மேல் தேதிகளும், பழைய அட்டை மாத்திரை மூன்று, நர்ஸ் சொன்னபடி கொடுக்கவில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதும் எழுதியிருப்பதை இப்போதுதான் படித்தேன். பஷீரா மீது நான் கொடுத்த புகார் முற்றிலும் தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

மாத்திரைகளை என் கையால் கொடுத்ததாகப் பதிவுசெய்தால் அது எனக்கே பாதகமாகலாம், புகாரைத் திரும்பப் பெற அது அவசியமில்லை என்று உதவி ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். அதை விட்டுவிட வேண்டாம், தேதியோடு எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) க. தீனதயாளன்